சென்னையா, சிங்கப்பூரா? இரண்டரை வயதுப் பிள்ளையோடு ஒரு தீம் பார்க் பயணம்

2025 ஒக்டோபரில் நாங்கள் சிங்கப்பூரில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்குப் போய் வந்தோம். நான், இவர், மாமி, இரண்டு வயதும் ஏழு மாதமும் ஆன மகள். அதற்கு முன் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று மாதமாக ஒரே கதைதான்: சென்னையா, சிங்கப்பூரா? மாமி சென்னைப் பக்கம். இவர் எது மலிவோ அந்தப் பக்கம். நான் சிங்கப்பூர்ப் பக்கம். கடைசியில் என் பக்கம்தான் வென்றது. ஆகவே நடுநிலையான அலசலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பட்டியலில் வேறு பெயர்களும் இருந்தன. ஹொங்கொங் டிஸ்னிலாண்ட் 2005 இல் திறந்தது. மூன்று வயதுக்குள் டிக்கெட் தேவையில்லை, உயரக் கட்டுப்பாடு இல்லாத சவாரிகளும் அங்கே நிறைய. ஆனால் இலங்கைப் பாஸ்போட்டுக்கு விசா வேண்டும். கடிதம், வங்கிக் கணக்கு என்று சொன்னதுமே இவர் கையை விரித்துவிட்டார்.

கொழும்புப் பக்கத்து நீர்ப்பூங்கா ஒன்றுக்கு அதற்கு முன்பே ஒருமுறை போயிருந்தோம். பெயர் வேண்டாம், பிழை பூங்காவில் இல்லை. காலை ஐந்து மணிக்கு வான் ஒன்று பிடித்து வெளிக்கிட்டோம். ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று வழிநெடுக மகள் கண்மூடவே இல்லை. மாடு பார்த்தாள், பஸ் பார்த்தாள், எல்லாவற்றுக்கும் கை காட்டினாள். பதினொன்றரைக்கு வாசலில் வான் நின்றது, அவள் உறங்கிப் போனாள். எழுப்பினோம். அதோடு அன்றைய நாள் முடிந்தது. அழுகை, காலில் சுடும் தரை, மறுபடி அழுகை, திரும்பி ஆறு மணித்தியாலம். அது போகட்டும், நிலாவெளியிலும் மாபிள் பீச்சிலும் வளர்கிற பிள்ளைக்குக் குளோரின் தண்ணீரில் என்ன புதினம்? மே தொடங்கிச் செப்டெம்பர் வரை எங்கள் கடலே குளம் மாதிரித்தானே கிடக்கிறது.

அந்த நாளில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்த வயதுப் பிள்ளையோடு போகும்போது எந்தப் பூங்காவில் எத்தனை சவாரி என்ற கணக்கு வேண்டியதில்லை. பகல் உறக்கத்துக்குப் படுக்கை வாசலில் இருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் பார்த்தால் போதும். சென்னையையும் சிங்கப்பூரையும் இந்த ஒரு முழக்கோலால்தான் நான் அளந்தேன்.

சென்னைக்காக மாமி சொன்ன நியாயங்கள் எல்லாம் உண்மை. யாழ்ப்பாணம் பலாலியில் விமானம் ஏறினால் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான், கட்டுநாயக்க விமான நிலையப் பக்கமே போகத் தேவையில்லை. ஈ-விசா இருந்த இடத்திலிருந்தே எடுக்கலாம். வளசரவாக்கத்தில் மாமியின் தங்கை குடும்பம் இருக்கிறது, தங்குமிடச் செலவு இல்லை. சாப்பாட்டுக்கும் மொழிக்கும் கவலை இல்லை, தி.நகரில் சேலையும் எடுக்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம் என்று இரண்டு பூங்காக்கள் இருக்கின்றன. 2025 டிசம்பரில் திருப்போரூர்ப் பக்கம் வொண்டர்லா பூங்காவும் திறந்திருக்கிறது. நாங்கள் முடிவெடுத்த நேரம் அது திறக்கவில்லை. வொண்டர்லாக்காரர் பிள்ளைகளின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளந்துதான் டிக்கெட் தருகிறார்கள். அது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆனால் முழக்கோலை வைத்துப் பாருங்கள். வளசரவாக்கத்தில் இருந்து கடற்கரைச் சாலைக்குப் போக, சென்னை நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். திருப்போரூர் இன்னும் தூரம். பத்து மணிக்கு உள்ளே போய், பிள்ளை பன்னிரண்டரைக்குக் கண்ணைக் கசக்கினால் வீட்டுக்குத் திரும்பிப் படுக்கவைத்து மறுபடி வருவது நடக்காத காரியம். ஒன்றில் அந்த வெயிலில் மடியில் உறங்க வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய பொழுதை அத்தோடு முடித்துக்கொள்ள வேண்டும். கடற்கரைச் சாலையிலேயே அறை எடுத்தால் இந்தப் பிரச்சினை பாதி தீர்ந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சின்ன மாமி இருக்கும் ஊரில் போய் ஹோட்டலில் தங்கினால் அந்த வீட்டு அடுத்த கல்யாணத்துக்கு எங்களுக்குக் காட் வராது.

இனிச் சிங்கப்பூர். எல்லாருக்கும் தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையருக்கு முன்விசா இல்லை. இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும், அது இலவசம். கொழும்பிலிருந்து நான்கு மணித்தியாலப் பறப்பு. நாங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு முடிந்து வான் ஏறினோம், பிள்ளை கட்டுநாயக்க வரை உறங்கினாள். கந்தளாய் தாண்டிய பிறகு யானைக்குப் பயந்து டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டுவார், ஆகவே நேரத்தைக் கூட்டியே கணக்குப் போடுங்கள். டிக்கெட்டில் ஒன்று கவனியுங்கள்: இரண்டு வயது முடியவில்லை என்றால் பிள்ளை மடியில்தான், பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில் முடிந்துவிடும். முடிந்துவிட்டால் தனி ஆசனம். நாங்கள் ஏழு மாதம் பிந்திவிட்டோம். அந்தக் காசை இவர் இன்றைக்கும் மறக்கவில்லை.

தங்கியது எங்கே என்பதுதான் விஷயம். திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் லிட்டில் இந்தியாவில் தங்கு என்பார்கள். தோசை கிடைக்கும், கோயில் இருக்கும், முஸ்தபா கடையில் பம்பர்ஸ் வாங்கலாம். எல்லாம் சரி. ஆனால் நாங்கள் முதல் இரண்டு இரவுக்கும், பூங்கா இருக்கும் செந்தோசாத் தீவுக்கு எதிரே ஹாபர்ஃபிரண்ட் ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு சின்ன அறை எடுத்தோம். விலை கூட, அறையில் நான்கு பேர் திரும்பக் கஷ்டம், காலைச் சாப்பாடும் இல்லை. "உந்தக் காசுக்கு ஒரு வீடே கட்டியிருக்கலாம், பிள்ளை" என்று மாமி படியேறும்போதே தொடங்கிவிட்டார். பூங்கா வேலை முடிந்த பிறகுதான் வடகிழக்கு ரயிலில் ஏறி லிட்டில் இந்தியாவுக்கு மாறினோம். ஐந்தாவது நிறுத்தம், அவ்வளவுதான்.

ஹாபர்ஃபிரண்டில் இருந்து செந்தோசாத் தீவுக்குப் போக இரண்டு வழி. விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் மாடியில் ஒற்றைத் தண்டவாள ரயில் ஏறினால் ஒரே நிறுத்தத்தில் பூங்காவடி. போகும்போது 4 சிங்கப்பூர் வெள்ளி, வரும்போது காசில்லை. மற்றது கடலுக்கு மேலால் போகிற நடைபாதை. கூரை போட்டது, இடைக்கிடை நகரும் தளமும் இருக்கிறது, கட்டணம் இல்லை. காலையில் ரயிலில் போனோம். மதியம் நடைபாதையால் வந்தோம்.

முதல் நாள் மதியம் நடந்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டே முக்காலுக்கு மகள் தொப்பியைக் கழற்றி எறிந்தாள். எடுத்துக் கொடுத்தேன், மறுபடி எறிந்தாள். இது தொடக்கம் என்று எனக்குத் தெரியும். வாசலில் கையில் முத்திரை குத்துகிறார்கள், அது இருந்தால் அன்றைக்கே திரும்ப உள்ளே வரலாம். தள்ளுவண்டிலில் இருத்தி வார் மாட்டும்போது முதுகை வில்லாக வளைத்துக் கத்தினாள். நடைபாதையில் முதல் நகரும் தளத்தில் கத்தல் முனகலாகியது. இரண்டாவதில் சத்தமே இல்லை. குனிந்து பார்த்தால் தலை ஒரு பக்கம் சரிந்து கிடக்க, கையில் பாதி முறுக்கு அப்படியே. அறைக்கு வந்து வண்டிலோடு குளிரூட்டிக்குக் கீழ் விட்டோம். மூன்றரை வரை உறக்கம். மாமியும் உறங்கினார். முத்திரை அழிந்துவிடுமோ என்ற பயத்தில் கை கழுவாமல், வாழ்நாளில் முதல் தடவையாகக் கரண்டியால் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் படுத்தார்.

நான்கு மணிக்கு மறுபடி உள்ளே. வெயில் இறங்கியிருந்தது, பிள்ளை வேறு பிள்ளையாக இருந்தாள். பூங்காவுக்குள் மினியன் லாண்ட் என்ற பகுதி 2025 பெப்ரவரியில் திறந்தது. அதற்குள் ஒரு ராட்டினம், ஆட்டமும் பாட்டுமாகச் சுற்றும். அதில் மூன்று தரம் ஏறினாள். நீர்ப்பூங்காவில் தொலைத்த நாளை அன்று பின்னேரம்தான் திரும்பப் பிடித்த மாதிரி இருந்தது.

யுனிவர்சல் ஸ்டூடியோஸ் இரண்டு வயதுப் பிள்ளைக்கென்று கட்டிய பூங்கா அல்ல. அதை மறைக்க விருப்பமில்லை. எங்கள் வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிட்டுத்தான் போனேன்: 88 சென்ரிமீற்றர். டிரான்ஸ்ஃபோமர்ஸ் சவாரிக்கு 102 வேண்டும், மம்மிக்கு 122, எதிரெதிரே பாய்கிற அந்த இரண்டு பெரிய உருளை வண்டிகளுக்கும் (ரோலர் கோஸ்டர்) 125. சின்னப் பிள்ளைகளுக்கென்று இருக்கும் குட்டி உருளை வண்டிக்கே 92. அப்படியென்றால் ராட்டினம் மாதிரி உயரம் பார்க்காத சில சவாரிகள், வீதி ஆட்டம், மேடை நிகழ்ச்சி, வேஷம் போட்டு வருகிறவர்களோடு படம். அவ்வளவுதான் அவளுக்கு. எங்களுக்கோ, ஒருவர் பிள்ளையோடு நிற்க மற்றவர் ஏறலாம், பிறகு மறுபடி வரிசையில் நிற்காமல் ஆள் மாறலாம். இவர் மம்மியில் ஏறி இறங்கி வந்து பத்து நிமிஷம் கதைக்கவில்லை. பெரியவர் டிக்கெட் 80 வெள்ளிக்கு மேல், நம் காசில் ஆளுக்கு 20,000 ரூபாய்க்குக் கிட்ட. நான்கு வயதுக்குள் இலவசம் என்பதால் மகளுக்குச் சதமும் இல்லை. அவளுக்காகப் போன இடத்தில் காசு கொடுத்தது நாங்கள் மூன்று பேர்தான்.

ஒக்டோபரில் போகிறவர்களுக்கு இன்னொன்று. செப்டெம்பர் கடைசியில் இருந்து சில இரவுகளில் அங்கே பேய் விழா நடக்கும், அதற்குத் தனி டிக்கெட். அந்த நாட்களில் பகல் பூங்காவை நேரத்தோடு மூடிவிடுகிறார்கள். பகலில் உறங்கவைத்துவிட்டு நான்கு மணிக்குத் திரும்பலாம் என்ற என் கணக்கு அன்றைக்குச் சரிவராது. நாளைப் பார்த்து எடுங்கள்.

தள்ளுவண்டில் பற்றி இரண்டு வசனம். திருகோணமலையில் அது மூலையில் தூசி பிடித்துக் கிடந்த சாமான், எங்கள் வீதியில் உருளாது. சிங்கப்பூரில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் லிஃப்ட், நடைபாதையில் பள்ளம் இல்லை, அதுவே நடமாடும் படுக்கை. சென்னையில் அதை உருட்டலாமா என்று சின்ன மாமியிடம் போனில் கேட்டேன். சிரித்தார்.

மாமியின் மனம் மாறியதும் பூங்காவில் அல்ல. லிட்டில் இந்தியா ஸ்டேஷனில் இறங்கிப் பெயர்ப்பலகையைத் தமிழில் எழுத்துக்கூட்டி வாசித்தார். தமிழ் அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று என்பது அவருக்குப் புதுச் செய்தி. சிராங்கூன் வீதியில் தீபாவளி விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, மகள் இவர் தோளில் இருந்து வாயைத் திறந்தபடி பார்த்தாள். அடுத்த நாள் சிலோன் ரோட்டில் செண்பக விநாயகர் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். இலங்கைத் தமிழர் வளர்த்த கோயில் என்றதும் மாமி பக்கத்தில் நின்ற அம்மாவோடு கதைக்கத் தொடங்கி, அரை மணித்தியாலத்தில் சாம்பல்தீவில் ஒரு சொந்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார். மகளோ வாசலில் மான் எங்கே என்று தேடினாள். கோயில் என்றால் கோணேசர் கோயில் மாதிரி மான் நிற்க வேண்டும் என்பது அவள் எண்ணம்.

செலவுக் கணக்கில் சென்னைதான் வெல்லும், அதுவும் பெரிய வித்தியாசத்தில். தங்குமிடச் செலவும் சாப்பாட்டுச் செலவும் இல்லாமல் போனாலே பாதி மிச்சம். ஐந்து வயதுப் பிள்ளை என்றால் பகல் உறக்கம் என்ற கதையே இல்லை, உயரமும் கூடிவிடும். அப்போது என் முழக்கோலே மாறிவிடும், சென்னைக்கே போங்கள் என்று சொன்னாலும் சொல்வேன். சென்னைப் பூங்காக்களில் நான் கால் வைத்ததில்லை, மேலே சொன்னது தூரத்தையும் நேரத்தையும் வைத்துப் போட்ட கணக்கு. மலேசியாவில், ஜோகூரில் லெகோலாண்ட் இருக்கிறது. 2012 இல் திறந்தது, இரண்டில் இருந்து பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைகளுக்கென்றே கட்டியது, ஹோட்டலும் வாசலுக்குப் பக்கத்திலேயே. என் விதிப்படி பார்த்தால் சிங்கப்பூரையும் அது தோற்கடிக்க வேண்டும். ஆனால் பாலம் தாண்டி இரண்டு குடிவரவு வரிசையில் இந்தப் பிள்ளையோடு நிற்க எனக்குத் துணிவு வரவில்லை.

மச்சாள் குடும்பம் சித்திரை விடுமுறைக்குச் சென்னை போகிறது, அவர்களுக்கு மூன்று வயது மகன். எங்கள் தள்ளுவண்டில் இப்போது அவர்கள் வீட்டில். கடற்கரைச் சாலையிலேயே அறை எடுங்கள், சின்ன மாமிக்கு நான் சமாதானம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டேனே தவிர, இன்னும் சின்ன மாமிக்குப் போன் எடுக்கவில்லை.