மலை இல்லாத ஊரில் பலகையை நிறுத்துவது: காலா, கையா, நின்றபடியா?

மட்டக்களப்பில் லோங்போர்ட், அதாவது நான்கு சில்லு வைத்த நீள ஸ்கேட்போர்ட், ஓட்டுகிறேன் என்றால் வெளியூர்க்காரர் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “அங்கே ஏது மலை?” சரிதான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே பாயை விரித்தமாதிரிக் கிடக்கிற ஊர் இது. ஆனால் பாலங்கள் இருக்கின்றன. கல்லடியில் 1924இல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதுப்பாலம் வந்தது. வைகாசி ஆனியில் டவுன் பக்கமிருந்து கல்லடிக்கு வந்தால் கச்சான் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். இறக்கமும் காற்றும் சேர்ந்தால் பலகைக்கு வேறு மலை தேவையில்லை.

எனக்கு நிறுத்தத் தெரியாது என்று எனக்கே தெரியவந்தது அந்த இறக்கத்தில்தான். விடியற்காலை, ரோட்டில் யாருமில்லை என்று நினைத்து வந்தேன். கீழே ஓர் ஓட்டோ திரும்பியது. நான் குதித்து ஓடித் தப்பினேன். பலகை மட்டும் நிற்காமல் போய் ஓட்டோவின் பின்சில்லில் முட்டியது. இறங்கி வந்த பெரியவர் ஏசவில்லை. பலகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பிரேக் எங்க மனே?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் மூன்று வழிகளையும் மாற்றி மாற்றிப் பழகிப் பார்த்தேன். ஒன்று, பின்காலைத் தரையில் தேய்த்து நிறுத்தும் கால் பிரேக். இரண்டு, குந்தி, கையுறை போட்ட கையை நிலத்தில் ஊன்றிப் பலகையைக் குறுக்கே திருப்பிச் சறுக்கும் கோல்மன் ஸ்லைடு. மூன்று, கை படாமல் நின்றபடியே சறுக்குவது. போனில் பார்க்கிற வீடியோக்களில் பெடியன்கள் வாயைப் பிளப்பது மூன்றாவதற்குத்தான். என் கட்சி இரண்டாவது. ஆனால் முதலாவது இல்லாமல் இரண்டாவதுக்குப் போகக் கூடாது.

குதித்து ஓடுவதை நான் ஒரு வழியாகக் கணக்கெடுக்கவில்லை. நாம் ஓடக்கூடிய வேகம் வரைக்கும்தான் அது கைகொடுக்கும், அப்புறம் பலகை யாருடைய காலில் போய் முட்டும் என்பது அதனுடைய இஷ்டம். கையை விரித்து நிமிர்ந்து காற்றைப் பிடிப்பது வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. கச்சான் முதுகில் அடிக்கும்போது அதைச் செய்தால் பாய்மரம் கட்டினமாதிரி இன்னும் தள்ளும். ரோட்டோர மணலுக்குள் விடலாமே என்றால், சில்லு அங்கேயே புதைந்து நிற்கும், நீங்கள் நிற்கமாட்டீர்கள்.

கால் பிரேக்கைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நானும் சிரித்தவன். முழுப்பாரமும் முன்காலில் இருக்கவேண்டும், முழங்கால் மடிந்திருக்கவேண்டும், முன்பாதம் பலகையின் மூக்கைப் பார்க்கவேண்டும். பின்காலின் முழு அடியையும் முதலில் தரையில் தடவுகிறமாதிரி வைத்து, மெதுமெதுவாக அழுத்தவேண்டும். பயத்தில் பின்காலில் பாரத்தைப் போட்டால் பலகை முன்னால் பறக்கும், நாம் பின்னால் இருப்போம். இதற்கு நான் வைத்துக்கொண்ட சோதனை ஒன்று: முன்காலில் மட்டும் நின்று 20 மீற்றர் உருள முடிகிறதா? முடியவில்லை என்றால் கால் பிரேக் இன்னும் வரவில்லை.

இதன் பெருமை, நேராகவே போய் நேராகவே நிற்கலாம் என்பது. அடுத்த பாதைக்குள் போகத் தேவையில்லை. முன்னால் என்ன வருகிறது என்று கண் பார்த்துக்கொண்டே இருக்கும். குறை இரண்டு. ஒன்று சப்பாத்து. நம் வெயிலில் சூடேறிய தாரில் மெல்லிய அடி கிழமைக் கணக்கில் தேய்ந்துபோகும். சப்பாத்துத் தைக்கிறவரிடம் கொடுத்துப் பழைய டயர் றப்பரை ஒட்டித் தைத்து வாங்கினேன், அது நின்று உழைக்கிறது. பாட்டாவோடு பலகையில் ஏறுகிற தம்பிமாருக்கு இந்த வழியே இல்லை. இரண்டாவது குறை வேகம். மணிக்கு 20 கிலோமீற்றரில் இருந்து 40க்குப் போனால் வேகம் இரண்டு மடங்கு, ஆனால் கரைக்கவேண்டிய சக்தி நான்கு மடங்கு. முப்பதைத் தாண்டினால் தேய்க்கிற கால் நடுங்க ஆரம்பிக்கும், அந்த நடுக்கம் நிற்கிற காலுக்கும் வரும்.

அங்கேதான் ஸ்லைடு வருகிறது. சில்லு உருளும்வரை உராய்வு மிகக் கொஞ்சம். அதே சில்லைக் குறுக்கே திருப்பி இழுத்தால் நான்கும் சேர்ந்து தாரில் தேய்ந்து வேகத்தைத் தின்னும். சிரமம் என்னவென்றால், சில்லு குறுக்கே வழுக்கச் சம்மதிக்கவேண்டும். பாரம் முழுவதும் அதன்மேல் இருந்தால் கடித்துக்கொண்டு விடாது.

கலிபோர்னியாவின் பெர்க்லி மேட்டுத் தெருக்களில் ஓடிய கிளிஃப் கோல்மனின் பேரைத் தாங்கிய ஸ்லைடு இந்தச் சிக்கலை ஒரு கையால் தீர்க்கிறது. குந்திக்கொள்ளுங்கள். பின்முழங்காலை முன்கணுக்காலை நோக்கி மடக்குங்கள். முதலில் கால்விரல் பக்கமாகச் சின்ன வளைவு. உடனே குதிப்பக்கமாக, அதாவது குதிகால் பக்கமாக, பெரிய வளைவு. வளையும்போதே முன்பக்கக் கையை, இடதுகால் முன்னால் வைப்பவர் என்றால் இடக்கையை, குதிப்பக்கத்தில் பலகைக்குக் கிட்டவாக நிலத்தில் வையுங்கள். மற்றக் கையையும் தலையையும் திரும்பவேண்டிய பக்கத்துக்கு வீசுங்கள். பாரத்தில் ஒரு பங்கு ஒரு நொடிக்குக் கைக்குப் போவதால் சில்லு இலேசாகி, பிடியை விட்டு வழுக்கும். பலகை குறுக்காகும். அப்படியே முழுக்கத் திரும்பிப் பின்முகமாக நிற்கலாம், அல்லது பழைய திசைக்கே மீளலாம்.

நான் முதல் ஒரு மாதம் பிழையாகச் செய்தது கையைத் தூரத்தில் வைத்தது. எட்டி ஊன்றினால் தோள்மூட்டு இழுபடும், பலகை தன்பாட்டுக்குப் போகும். கை தோளுக்கு நேர்கீழே இருக்கவேண்டும். கண் கையைப் பார்க்கவே கூடாது. தலை திரும்பாவிட்டால் இடுப்பு திரும்பாது, இடுப்பு திரும்பாவிட்டால் பலகை பாதியில் மாட்டிக்கொள்ளும்.

எங்கே பழகுவது? அம்பாறைப் பக்கம் தெரிந்தவர் ஒருவருடைய நெல் மில்லில் சீமெந்துக் களம் ஒன்று இருக்கிறது. அறுவடை இல்லாத மாதங்களில் கேட்டால் விடுவார். மூன்று தரம் உதைத்தால் வருகிற வேகம், அதாவது ஆறுதலாகப் போகிற சைக்கிளின் வேகம், கோல்மனுக்குப் போதும். நம் ஊருக்கு இது பெரிய விஷயம். மலை இல்லை, ஆகவே பெரிய வேகமும் இல்லை. குறைந்த வேகத்திலேயே பழகக்கூடிய ஸ்லைடு கையூன்றியதுதான். விழுந்தாலும் ஏற்கெனவே நிலத்துக்குக் கிட்டத்தான் இருக்கிறோம்.

நின்றபடி சறுக்குவது இதற்கு நேர்மாறு. பாரத்தைக் குறைக்கக் கை இல்லை. முழங்காலை மடக்கி நீட்டுகிற அந்தச் சின்ன இலேசிலும், வேகத்திலும்தான் சில்லு பிடியை விடவேண்டும். வேகம் போதாவிட்டால் பாதி வழுக்கிச் சடாரென்று கடிக்கும், ஆள் முன்னால் எறியப்படுவார். அதே களத்தில், நான்கு உதை வேகத்தில், வீடியோவில் பார்த்ததைச் செய்துகாட்டப் போய் மணிக்கட்டு வீங்கி மூன்று கிழமை சோறு பிசைந்ததும் இடக்கையால்தான். அதாவது, பயம் குறைந்த வேகத்தில் ஆபத்துக் கூட, ஆபத்துக் குறைகிற வேகத்தில் பயம் கூட. தட்டையான ஊர்க்காரன் எப்படிப் பழகுவது? மோட்டார்சைக்கிளில் கயிறு கட்டி இழுபட்டு வேகமெடுக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டாம்.

ஆனாலும் நின்ற ஸ்லைடைக் குறைசொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. மலைநாட்டில் பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் போய் ஓடிவிட்டு வருகிற கூட்டாளி ஒருவன் சொல்வது இது: வளைவுக்கு முன் வேகத்தைக் கொஞ்சம் சீவிவிட்டு அப்படியே தொடர்ந்து ஓடவேண்டும் என்றால், ஒவ்வொரு முறையும் குந்தி எழுந்துகொண்டிருக்க முடியாது. சரிதான். நின்றிருப்பவரை வாகனக்காரருக்குத் தெரியும், குந்தியவரைத் தெரியாது. கோல்மனில் எனக்கு உண்மையான பயம் அதுதான். லொறிச் சாரதியின் கண்ணுக்கு நான் ஒரு நாயின் உயரம்.

இன்னொன்றை வீடியோக்கள் சொல்லித்தராது, ஏனென்றால் அவற்றில் பெரும்பாலானவை வலப்பக்கம் ஓடுகிற நாடுகளில் எடுத்தவை. நாம் இடப்பக்கம் ஓடுகிறோம். இடதுகால் முன்னால் வைப்பவருக்குக் குதிப்பக்கம் என்பது இடப்பக்கம், ஆகவே அவருடைய பெரிய வளைவு ரோட்டோரத்தை நோக்கிப் போகும். வலதுகால் முன்னால் வைப்பவருக்கு அதே வளைவு எதிரே வருகிற வாகனத்தை நோக்கிப் போகும்! அப்படிப்பட்டவர் நன்றாக இடது ஓரத்தில் இருந்துதான் தொடங்கவேண்டும். வாகனம் ஓடுகிற ரோட்டில் தொடங்காமலே இருப்பது அதைவிட நல்லது.

பொத்துவில்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பொத்துவிலை அடுத்த அறுகம்பையில் வளர்ந்த என் மச்சான் முறையானவன் ஒருவன் அலைப்பலகையில் கெட்டிக்காரன். களத்துக்கு வந்த முதல் நாளே கையை ஊன்றிப் பின்சில்லை அரைவட்டமாகச் சுழற்றிக் காட்டினான். பார்த்தால் கோல்மன் மாதிரித்தான், ஆனால் அது பேர்ட் ஸ்லைடு. ஹவாய் அலைச்சறுக்கு வீரர் லாரி பேர்ட்டில்மன் அலையைக் கையால் தொட்டுக் குந்தித் திரும்பியதை 1970களில் கலிபோர்னியாப் பெடியன்கள் தாரில் செய்து பார்த்த வழி. அழகு. ஆனால் அது திரும்புவதற்கு, நிறுத்துவதற்கு அல்ல.

“நிண்டுட்டேனே மச்சான், இன்னும் என்ன வேணும்?” என்றான். நின்றதற்குக் காரணம் அவன் வேகமே இல்லாமல் வந்தது என்று சொன்னால் கோபம். அவன் ஓடுவது முன் ட்ரக், அதாவது சில்லுகளைப் பலகையோடு பிடிக்கிற அச்சு, தாராளமாக அங்குமிங்கும் ஆடுகிற சர்ஃப்ஸ்கேட் வேறு. அறுகம்பைப் பாலத்தில் உதைக்காமல் நெளிந்து நெளிந்து போக அது நல்ல சாமான், வேகத்தில் ஸ்லைடுக்கு ஆகாது. ஆட்டம் பிடித்தால் அடக்க முடியாது.

சாமான் என்றதும் சில்லு. அதன் கடினத்தை எண்ணால் சொல்வார்கள், எண் கூடினால் கடினமும் கூடும். 78ஏ போல மென்மையானது நம் பழைய கல்லுத்தார் ரோட்டில் சுகமாக ஓடும், ஆனால் நன்றாகக் கடிக்கும். 83ஏ பக்கம் போனால் கொஞ்சம் எளிதாக வழுக்கும். தெரு ஸ்கேட்போர்டின் 99ஏ சில்லு சீமெந்தில் சவர்க்காரம்போல வழுக்கும், கோல்மன் அசைவைப் பழகுகிற முதல் கிழமைக்கு அதைக் கடன் வாங்கலாம். எதுவானாலும் ஓரம் வட்டமாக இருக்கவேண்டும், கூர் ஓரம் வளைவில் பிடிப்பதற்கானது. ஒரே இடம் திரும்பத் திரும்பத் தேய்ந்தால் சில்லில் தட்டை விழும், அப்புறம் போகிற வழியெல்லாம் கடகடவென்று சத்தம்.

கையுறை கடையில் கிடைக்காது என்று காரணம் சொல்லவேண்டாம். வெல்டிங் வேலைக்கான தோல் கையுறை ஹார்ட்வெயாரில் இருக்கிறது. குசினியில் மரக்கறி வெட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் பலகை ஒன்றை வட்டமாக வெட்டி உள்ளங்கையில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டையால் பொருத்தினால் போதும். வெல்க்ரோவை வெறும் பசையால் ஒட்டினால் உராய்ந்த சூட்டில் கழன்றுவிடும், சுற்றித் தைக்கவேண்டும். அம்மாவின் பலகையை எடுக்காதீர்கள், நான் எடுத்தேன். ஹெல்மெட், முழங்கால் கவசம், நீளக் காற்சட்டை மூன்று முறைக்கும் பொது.

ரோட்டைப் பொறுத்தும் கணக்கு மாறும். புதுக் காபெட் ரோட்டில் கையூன்றிய ஸ்லைடு வெண்ணெய். பழைய கல்லுத்தாரில் உள்ளங்கைத் தட்டு அரைபட்டுப் போகும், அங்கே கால் பிரேக்தான். கடற்கரையோரம் காற்றுக் கொண்டுவந்து போட்ட மெல்லிய மணல் படிந்த இடங்களில் நினைத்ததைவிடத் தூரம் வழுக்கும், ஆகவே பழகப் போகிற இடத்தைக் கூட்டிவிட்டு இறங்குவேன். அம்மம்மாவின் ஈர்க்குமாறு அதற்குத்தான் என் பையில் இருக்கிறது.

இப்போது என் ஓட்டத்தில் பத்துக்கு எட்டுத்தரம் கால் பிரேக். கோல்மன் அது போதாத வேகத்துக்கு. நின்ற ஸ்லைடு பாதிதான் வருகிறது, மில் களத்தின் ஒரு மூலையில் தண்ணீர் தெளித்து ஈரச் சீமெந்தில் மட்டும் செய்கிறேன். மாசி பங்குனியில் அறுவடை வந்தால் களம் நெல்லுக்குப் போய்விடும். களத்தில் இடம் காணாமல் ரோட்டிலும் பாதிக்குக் காயப்போட்டிருப்பார்கள். நெல்மணிமேல் ஏறினால் காலும் வேலை செய்யாது, கையும் வேலை செய்யாது. பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரமாக நடக்கவேண்டியதுதான், அதுவும் நெல்லை மிதிக்காமல்.