மால்டி பயோடைப்பர்: பூஞ்சைக்கு 2.0 மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

ப்ரூக்கர் நிறுவனத்தின் இந்தக் கருவி, நுண்ணுயிரிகளை அடையாளம் காணும் நிறை நிறமாலைமானி. பூஞ்சையின் புரதங்களின் நிறையை 2,000 முதல் 20,000 டால்டன் (மூலக்கூறு நிறையின் அலகு) வரை அளந்து, தன் நூலகத்திலுள்ள அறியப்பட்ட சிற்றினங்களின் பதிவுகளோடு ஒப்பிட்டு, பொருத்தத்துக்கு மதிப்பெண் தருகிறது. கேண்டிடா போன்ற ஈஸ்ட்டுகளுக்குத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இழைப்பூஞ்சைகளில்தான் சிக்கல்.

மதிப்பெண் 2.0-உம் அதற்கு மேலும் வந்தால் சிற்றினம் வரை ஏற்கலாம், 1.7 முதல் 1.99 வரை பேரினம் மட்டும் என்பது வழக்கமான விதி. ஆனால் இது 3.0-ஐ உச்சமாகக் கொண்ட மடக்கை அளவு, நிகழ்தகவு அல்ல. நூலகத்தில் இல்லாத சிற்றினத்துக்கு நெருங்கிய உறவின் பெயரே முதலிடத்தில் வரக்கூடும். பட்டியலின் அடுத்த பெயர்களையும் பாருங்கள். வேறொரு சிற்றினமும் 2.0-ஐத் தொட்டால் முடிவை நிறுத்திவையுங்கள்.

ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரின் கருநிற வித்துகளிலுள்ள மெலனின் நிறமி, கருவி பெறும் சைகையை அமுக்கிவிடும். வித்து உருவாகுமுன், திரவ ஊடகத்தில் வளர்ந்த இளம் இழையை எடுங்கள். அதில் 300 மைக்ரோலிட்டர் நீரும் 900 மைக்ரோலிட்டர் எத்தனாலும் சேருங்கள். மையவிலக்கியில் சுழற்றி, எத்தனால் முழுதும் ஆவியாக உலர்த்தி, 70% ஃபார்மிக் அமிலமும் அதே அளவு அசிட்டோநைட்ரைலும் சேருங்கள்.

ஒரே சாற்றை கருவியின் தட்டில் நான்கு புள்ளிகளில் வைப்பது கருவியின் தடுமாற்றத்தை மட்டுமே காட்டும். உயிரியல் வேறுபாட்டை அறியத் தனித்தனி வளர்ப்புகள் அவசியம். ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸா, அதன் நெருங்கிய உறவான ஆஸ்பர்ஜில்லஸ் லென்டுலஸா என்ற ஐயம் வந்தால், பீட்டா டியூபுலின் மரபணு வரிசையை வைத்தே உறுதிசெய்யுங்கள்.