ஒன்பது வருடமாக எஸ்.சி.ஆர். பார்த்தும் மாத்திரைப் பையைக் கேட்கிறேன்

இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மருந்தாளராக இருக்கிறேன். வந்து சேர்ந்தவர் வீட்டில் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கண்டுபிடிப்பதிலேயே என் பாதி நாள் போகும். அதற்கு ஒன்பது வருடமாக நான் முதலில் திறப்பது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.-இன் சம்மரி கேர் ரெக்கார்டு, சுருக்கமாக எஸ்.சி.ஆர். குடும்ப டாக்டரான ஜி.பி.யின் கணினியில் உள்ள மருந்துகள், ஒவ்வாமைகள், முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனவை எல்லாம் அதில் வந்துவிடும்.

ஸ்மார்ட் கார்டைச் செருகி, நோயாளியிடம் கேட்டுக்கொண்டு திறக்க வேண்டும். நினைவில்லாதவர் என்றால் அவசரம் என்று குறித்துவிட்டுத் திறக்கலாம். அப்படித் திறந்ததும் பதிவாகும், பின்னால் கேள்வி வரலாம். சரி, வரட்டும்.

சனிக்கிழமை இரவில்தான் இதன் அருமை தெரியும். ஜி.பி. கிளினிக் திங்கள் காலைதான் திறக்கும். தலையில் அடிபட்டு ரத்தக்கசிவோடு வந்தவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அது வார்ஃபரினா, அபிக்ஸபானா? வார்ஃபரின் என்றால் வைட்டமின் கே கொடுப்போம், அபிக்ஸபானுக்கு அதனால் பயனில்லை. இந்த ஒரு கேள்விக்கு உடனே பதில் கிடைக்கிறதே, அதற்காகவே எஸ்.சி.ஆருக்கு என் ஓட்டு.

அதற்கு மேல் நம்பினால் சிக்கல். ஜி.பி. எழுதிக் கொடுத்தது திரையில் இருக்கும், நோயாளி விழுங்கினாரா என்று திரைக்குத் தெரியாது. வார்ஃபரினையே எடுங்கள். 1, 3, 5 மில்லிகிராம் மாத்திரைகள் வரிசையாக நிற்கும், எதிரே 'சொன்னபடி சாப்பிடவும்' என்றிருக்கும். இன்றைய அளவு, வார்ஃபரின் சாப்பிடுபவரிடம் இருக்கும் மஞ்சள் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகம் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல்.

என்னைப் பயமுறுத்தியது குளோசபின். மனநலக் கிளினிக்கே நேரடியாகக் கொடுக்கும் மருந்து அது. ஜி.பி. தன் பதிவில் தனியாகச் சேர்த்திருந்தால்தான் எஸ்.சி.ஆரில் தெரியும். 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடரக் கூடாது, 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு முறை பட்டியல் சுத்தமாக இருக்கிறதே என்று முடித்துவிடப் பார்த்தேன். நோயாளியின் அக்கா போனில், தம்பி மாதாமாதம் எதற்கோ ரத்தப் பரிசோதனைக்குப் போவதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். குளோசபின் சாப்பிடுபவர்களுக்குத்தான் அப்படித் தவறாமல் ரத்தம் பார்ப்பார்கள் என்று பொறி தட்டியது. பிழைத்தேன். அன்றிலிருந்து 'ஆஸ்பத்திரியில் நேரடியாக வாங்கும் ஊசி, மருந்து ஏதாவது?' என்று எல்லோரிடமும் தனியாகக் கேட்கிறேன். வீட்டு மாத்திரைகளைப் போட்டு ஆம்புலன்ஸில் வரும் பச்சைப் பையையும் கொட்டிப் பார்க்கிறேன்.

அப்புறம், ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் அம்மாக்கள். அவர்களுக்கு எஸ்.சி.ஆரில் ஒன்றுமே இருக்காது. கைப்பையிலிருந்து மாத்திரை அட்டை வெளியே வரும், அதுவும் மருந்துக்கடையில் பத்து நாளைக்கு என்று கத்தரித்துக் கொடுத்தது. பெயர் இருந்த பாதி கடையிலேயே நின்றுவிட்டிருக்கும். 'காலைல வெள்ளை, ராத்திரி ரோஸ் தம்பி' என்பார்கள். ஊர் மருந்துக்கடைக்குப் போன் போட அங்கே விடிய வேண்டும்.