மாடல் எம் கீபோர்டுக்கு ப்ரோ மைக்ரோ அடாப்டர்: செஞ்சு, தட்டிப் பாத்து எழுதுறேன்

என்கிட்ட இருக்குறது ஐபிஎம் மாடல் எம், பார்ட் நம்பர் 1391401, பின்பக்க லேபிள்ல 1989னு போட்டிருக்கு. ஒவ்வொரு கீக்கு அடியிலயும் ஒரு ஸ்பிரிங், அது வளைஞ்சு மடங்குற அதே நொடியில தான் டக்குனு சத்தமும் வரும் எழுத்தும் விழும், இது ஒருதடவை கைக்குப் பழகிருச்சுன்னா வேற கீபோர்டுல மனசு ஒட்டாது. ஆனா அதோட கேபிள் முனையில இருக்குறது பிஎஸ்/2ங்குற பழைய வட்ட ப்ளக், லேப்டாப்புல யுஎஸ்பி மட்டும் தான்.

பழைய மவுஸோட வர்ற சின்ன பச்சை, ஊதா கலர் ப்ளக் இதுக்கு ஆகவே ஆகாது. அதுக்குள்ள சிப்பே கிடையாது, ரெண்டு பாஷையும் பேசத் தெரிஞ்ச கீபோர்டுக்கு மட்டும் தான் அது. சிப் உள்ள ரெடிமேட் அடாப்டர் ஒன்னும் வாங்கினேன், மெதுவா அடிச்சா சரியா இருக்கும், வேகம் எடுத்தா எழுத்தை முழுங்கும், ஷிஃப்ட் அப்படியே ஒட்டிக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பாத்துட்டு ஓரமா வச்சிட்டேன்.

அப்புறம் தான் ப்ரோ மைக்ரோ. ஏடிமெகா32யு4 சிப், நாமளே ப்ரோகிராம் ஏத்திக்கலாம், விரல் நீளம் கூட இல்லாத போர்டு, அதுல டிஎம்கேன்னு கீபோர்டுக்குன்னே எழுதின ஃபர்ம்வேர் (சிப்புக்குள்ள ஓடுற ப்ரோகிராம்) போட்டேன். நடக்குறது இதுதான்: ஏ-வ அழுத்தினா கீபோர்டு 1சி-னு ஒரு கோட் அனுப்பும், விட்டா எஃப்0 1சி, போர்டு அதைப் புரிஞ்சிக்கிட்டு யுஎஸ்பில ஏ-க்கு உள்ள 04-ஆ மாத்தி அனுப்புது. கம்பி நாலே நாலு தான், 5 வோல்ட், கிரவுண்ட், க்ளாக், டேட்டா. டிஎம்கேக்கு டேட்டா சிப்போட பிடி0ங்குற காலு, க்ளாக் பிடி1, ப்ரோ மைக்ரோ போர்டுல அது 3ம் 2ம் நம்பர் பின். வேற ஃபர்ம்வேர் போட்டா இந்த ரெண்டும் இடம் மாறலாம், அதோட டாக்குமென்ட்டைப் பாத்துக்கோங்க.

இங்க ஒரு விஷயம் ரொம்ப கவனம். பிஎஸ்/2 பின் படம் ப்ளக்குக்கு ஒரு மாதிரி, சாக்கெட்டுக்கு கண்ணாடில பாக்குற மாதிரி திருப்பி இருக்கும். நான் ப்ளக் படத்தை வச்சிக்கிட்டு சாக்கெட்டுல சால்டர் பண்ணிட்டேன், 3ம் 4ம் ஒரே வரிசையில இடதும் வலதுமா எதிரெதிரே இருக்குறதால கிரவுண்டும் 5 வோல்ட்டும் அப்படியே இடம் மாறிருச்சு. நல்லவேளை, சொருகுறதுக்கு முன்னாடி எந்த கம்பி எங்க போகுதுன்னு மல்டிமீட்டர் வச்சு பீப் சத்தம் பாத்தேன், இல்லன்னா முப்பது வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிச்ச கீபோர்டு அன்னைக்கே போயிருக்கும். கம்பி கலரை நம்பாதீங்க, மீட்டரை நம்புங்க.

திருப்பி சால்டர் பண்ணி சொருகினதும் வலது மேல் மூலையில மூணு லைட்டும் ஒருதடவை மின்னி அணைஞ்சுது. அது கீபோர்டோட செல்ஃப் டெஸ்ட், பவர் ஒழுங்கா போகுதுன்னு அர்த்தம். லைட் மின்னியும் எழுத்து விழலைன்னா க்ளாக்கும் டேட்டாவும் மாறியிருக்கான்னு மொதல்ல பாருங்க. அந்த ரெண்டு லைன்லயும் 5 வோல்ட்டுக்கு ஒரு 4.7கே ரெசிஸ்டர் போட்டேன், லைனை 5 வோல்ட்டுல தூக்கிப் பிடிக்க சிப்புக்குள்ளயே இருக்குற ரெசிஸ்டர் (புல்-அப்) கொஞ்சம் வீக்.

இப்ப ஆறு மாசமா தினமும் இதுல தான் வேலை, ஒரு எழுத்து கூட விட்டுப்போகல. எனக்கு ரொம்ப பிடிச்சது ரீமேப், அதாவது ஒரு கீயை வேற கீயா மாத்திக்கிறது தான், இந்த கீபோர்டுல விண்டோஸ் கீயே கிடையாது, நான் கேப்ஸ் லாக்கை விண்டோஸ் கீயா மாத்திட்டேன், மாத்தினது போர்டுக்குள்ளயே இருக்குறதால எந்த கம்ப்யூட்டர்ல சொருகினாலும் அப்படியே வேலை செய்யுது. ஃபர்ம்வேர் ஏத்துறப்ப போர்டுல ஆர்எஸ்டி-ங்குற ரீசெட் பின்னையும் கிரவுண்டையும் ரெண்டு தடவை டக் டக்னு தொட வச்சா எட்டு செகண்ட் டைம் கிடைக்கும், அதுக்குள்ள ஏத்திடணும்.

குறைன்னா போர்டுல இருக்குற மைக்ரோ யுஎஸ்பி வாய் தான். மேலாக்க ஒட்டி வச்ச மாதிரி இருக்கு, என் மொத போர்டுல கேபிளை இழுத்தப்ப பிச்சுக்கிட்டு வந்துருச்சு. ரெண்டாவதுல சுத்தியும் எப்பாக்ஸி வச்சு டப்பாக்குள்ள இறுக்கிட்டேன். இன்னொன்னு, மாடல் எம்ல சில மூணு கீ சேத்து அழுத்தினா மூணாவது வராது, அது கீபோர்டுக்குள்ள கீ எல்லாம் குறுக்கும் நெடுக்குமா இணைஞ்சிருக்குற மேட்ரிக்ஸ் பிரச்சனை, எந்த அடாப்டராலயும் சரி பண்ண முடியாது, கேம் ஆடுறவங்க யோசிச்சுக்கோங்க.

வாங்குறப்ப 5 வோல்ட் 16 மெகாஹெர்ட்ஸ் போர்டானு கேட்டு வாங்குங்க, 3.3 வோல்ட் ஒன்னும் பாக்க இதே மாதிரி தான் இருக்கும். சாக்கெட் வச்சே செய்ங்க, ஒரிஜினல் கேபிளை மட்டும் தயவுசெஞ்சு வெட்டிடாதீங்க.