கழுத்துல இருந்தது அழுக்கு இல்லையாம்

லீவுக்கு ஊருக்குப் போய் பெட்டியைக் கூட எறக்கல, அம்மா கேட்ட மொத கேள்வியே "என்னடா கழுத்து இப்படி கருத்துக் கெடக்கு, தேய்ச்சுக் குளிக்கிறதே இல்லையா"ன்னுதான். ரெண்டு வருஷமா தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், தேய்க்கத் தேய்க்க இன்னும் கருத்துச்சே தவிர கொறையல. இங்க ஸ்கின் டாக்டரைப் பாக்க மாசக்கணக்குல காத்துக் கெடக்கணும், ஊர்ல காலைல போன் பண்ணி சாயங்காலமே உள்ள போயாச்சு.

டாக்டர் கழுத்தைத் தடவிப் பாத்தார், கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பாத்தார், அங்கயும் அதே வெல்வெட் மாதிரி தடிப்பு. பேரு அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸாம். இன்சுலின் சொல்பேச்சை உடம்பு கேக்காதப்போ உடம்பு அதை இன்னும் இன்னும் சுரக்குது, அந்த அதிகப்படி இன்சுலின் தோல் செல்லை வளரத் தூண்டுது, அதான் தடிச்சு கருக்குது, அழுக்கே கெடையாது, நாரைத் தூக்கிப் போடுங்கன்னார். அப்புறம் ஈறையும் உள்ளங்கை ரேகையையும் டார்ச் அடிச்சுப் பாத்தார், ஏன்னு கேட்டா அங்க கருத்து, கூடவே அசதி, எடை கொறையறது எல்லாம் இருந்தா அட்ரினல் சுரப்பி கோளாறா இருக்கலாமாம், அடிசன் நோய்னு சொல்வாங்களாம். பி12 கொறைஞ்சாலும் விரல் முட்டி கருக்குமாம். எனக்கு அதெல்லாம் இல்ல. ரெண்டு மூணு மாசமா ரத்தத்துல சர்க்கரை சராசரியா எவ்வளவு இருந்துச்சுன்னு காட்டற ஹெச்பிஏ1சி டெஸ்ட் எழுதிக் குடுத்தார், அன்னைக்கு ராத்திரியே போனுக்கு ரிசல்ட் வந்துருச்சு, 6.1. 5.7லேர்ந்து 6.4 வரைக்கும் சர்க்கரை வர்றதுக்கு முந்தின கட்டம், 6.5 தொட்டா சர்க்கரையே. க்ரீம்லாம் அப்புறம், மொதல்ல எடையைக் கொறைங்க, கருப்பு தானா மெதுவா மங்கும்னார்.

இது வரைக்கும் சர்வீஸ் பிரமாதம். ஆனா மருந்துக்கடை கதை வேற. என் வீட்டுக்காரிக்கு ரெண்டாவது பிரசவத்துலேர்ந்து கன்னத்துல மங்கு, ஒரு கடைல கேட்டதும் சீட்டே இல்லாம ஒரு ட்யூபை எடுத்து நீட்டிட்டாங்க. பத்து நாள் பளிச்சுன்னு இருந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம், அப்புறம் வெயில்ல போனாலே மொகம் செவந்து எரியுது. அதே டாக்டர்கிட்ட காட்டினா உள்ள ஸ்டீராய்டும், தோல் நிறத்தை மங்க வைக்கிற ஹைட்ரோகுவினோனும் இருக்கு, டாக்டர் பாத்துக் குடுத்து கொஞ்ச நாள் போடற மருந்து, நீங்களா போட்டுக்கிட்டே இருந்தா தோல் மெலிஞ்சு, நிறுத்தினதும் மங்கு திரும்பி வரும்னு திட்டினார். நாங்கதான் கேட்டு வாங்கினோம், அதையும் சொல்லணும். இப்ப தெனமும் சன்ஸ்கிரீன்தான், வீட்டுக்குள்ள ஜன்னல் பக்கம் உக்காந்தாலும் சரி.

எனக்கு மூணு மாசத்துல மறுபடி ரத்தம் குடுக்கணும், அதுக்கு இங்க எப்ப அப்பாயின்ட்மென்ட் கெடைக்குமோ.