மேதையும் அவரைத் தாங்கும் மனிதரும்: ‘ஜீரோ எஃபெக்ட்’ திரைப்பட மதிப்புரை

ஜேக் காஸ்டன் எழுதி இயக்கி 1998-ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜீரோ எஃபெக்ட்’ திரைப்படம், துப்பறியும் கதைகள் பெரும்பாலும் பேசாமல் விட்டுவிடும் ஓர் உண்மையைத் தொடக்கக் காட்சியிலேயே போட்டு உடைத்துவிடுகிறது. ஸ்டீவ் ஆர்லோ என்ற உதவியாளர் ஒரு பெருஞ்செல்வரின் எதிரே அமர்ந்து, தம் முதலாளி டேரில் ஜீரோவுக்கு நிகரான துப்பறிவாளர் உலகில் எவரும் இல்லை என்று அடக்கமும் உறுதியும் கலந்த குரலில் விளக்குகிறார். அந்த உரையாடலை இடையிடையே வெட்டி, அதே ஆர்லோ மதுக்கூடத்தில் நண்பரிடம் அதே முதலாளியைத் திட்டித் தீர்ப்பதைக் காட்டுகிறார் இயக்குநர். ஒருபக்கம் கேட்கும் புகழுரையும் பொய்யில்லை. மறுபக்கம் கொட்டப்படும் வசையும் பொய்யில்லை. இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே நாவால் சொல்லவேண்டியிருப்பதுதான் ஆர்லோவின் வேலை, அதுவே இப்படத்தின் உண்மையான கதைக்களமும்கூட.

டேரில் ஜீரோவாக நடித்திருப்பவர் பில் புல்மன். லாஸ் ஏஞ்சலஸ் நகரில் பல பூட்டுகளுக்குப் பின்னால் அடைந்து வாழும் ஜீரோ, டின்னில் அடைத்த டூனா மீனையும் ‘டாப்’ குளிர்பானத்தையும் உண்டு குடித்து, போதை மாத்திரைகளை விழுங்கி, தாமே இட்டுக்கட்டிய மோசமான பாடல்களைக் கிதாரை மீட்டிக் கத்திக்கொண்டிருக்கிறார். வாடிக்கையாளர் எவரையும் அவர் சந்திப்பதில்லை. தாம் முடித்த வழக்குகளுக்கெல்லாம் ‘பொருந்தாத ஷூ லேஸ் அணிந்த மனிதனின் வழக்கு’ என்பதுபோல நீண்ட பெயர்கள் சூட்டி வைத்திருக்கிறார். வேலை என்று வந்துவிட்டாலோ இதே மனிதர், நேர்த்தியாக உடை உடுத்தி, புதுப்பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு, எதிரில் இருப்பவரின் தொழிலையும் பழக்கத்தையும் சில நொடிகளில் படித்துவிடுகிறார். புல்மன் இந்த இரு நிலைகளையும் இருவேறு மனிதர்களாக நடிக்காமல், ஒரே அச்சத்தின் இரு முகங்களாக நடித்திருக்கிறார். வேடம் அணிந்திருக்கும்போது மட்டும் ஜீரோ மனிதர்களோடு பேசும் துணிவைப் பெறுகிறார். தாமாக இருக்கும்போது அவரால் கதவைக்கூடத் திறக்க முடிவதில்லை. மேதையின் கிறுக்குத்தனத்தை வேடிக்கைப் பொருளாக மட்டும் காட்டும் படங்கள் ஏராளம். அந்தக் கிறுக்குத்தனம் அவருக்கே எவ்வளவு வலிக்கிறது என்பதை இத்தனை அமைதியாகச் சொன்ன படங்கள் மிகச் சிலவே.

வழக்கு இதுதான்: ஆரெகன் மாநிலத்தின் போர்ட்லாண்டில் மரத்தொழில் நடத்தும் கிரெகரி ஸ்டார்க் தம் சாவிக்கொத்து ஒன்றைத் தொலைத்துவிட்டார், அதனோடு சேர்ந்து வங்கிப் பெட்டகத்தின் சாவியும் போய்விட்டது. யாரோ அவரை மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். ரையன் ஓ’நீல் நடித்த ஸ்டார்க், மிரட்டலுக்கு ஆளானவர் என்றாலும், அவர்மீது நமக்கு இரக்கம் பிறக்க விடாத ஒரு வறட்சியுடன் தொடக்கத்திலிருந்தே வருகிறார். துப்பு ஜீரோவை ஒரு உடற்பயிற்சிக் கூடத்துக்கும் அங்கு வரும் குளோரியா சல்லிவன் என்ற பெண்ணிடமும் கொண்டுசேர்க்கிறது. அவர் அவசர மருத்துவ உதவிப் பணியாளர் என்பதை ஜீரோ கண்டுகொள்ளும் விதமும், தம்மைக் கணக்காளர் என்று அறிமுகப்படுத்திக்கொண்ட பாவத்துக்கு அவருடைய வருமானவரிக் கணக்கைச் செய்துகொடுக்க ஒப்புக்கொள்வதும் படத்தின் மிக இனிய பகுதிகள். குளோரியாவாக வரும் கிம் டிக்கன்ஸ், தாம் கவனிக்கப்படுகிறோம் என்பதை அறிந்தவரா அறியாதவரா என்று நாம் கடைசிவரை யோசிக்கும்படி, சொற்களைக் குறைத்து நடித்திருக்கிறார்.

ஆர்தர் கோனன் டாயில் 1891-ஆம் ஆண்டு எழுதிய ‘எ ஸ்காண்டல் இன் பொஹீமியா’ என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் சிறுகதையைப் படித்தவர்கள் இதன் அடித்தளத்தை எளிதில் அடையாளம் காண்பார்கள். அதிகாரம் மிக்க ஆண் ஒருவர், அவரை அஞ்சவைக்கும் இரகசியம், துப்பறிவாளரின் மதிப்பைப் பெறும் பெண் ஆகிய மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஆனால் காஸ்டன் கடன் வாங்கிய கதையைவிட, அவர் அதில் செய்த மாற்றம் ஒன்றே எனக்கு முக்கியமாகப் படுகிறது. டாயிலின் உலகில் ஹோம்ஸின் தோழர் வாட்சன்தான் எழுதுகிறார்; ஹோம்ஸின் மேதைமையை நாம் காண்பதே வாட்சனின் வியப்பின் வழியாகத்தான். இப்படத்தில் எழுதுபவர் ஜீரோ. துப்பறியும் கலைபற்றிய தம் நினைவுக்குறிப்புகளை அவரே பின்னணிக் குரலில் வாசிக்கிறார். ஒரு குறிப்பிட்ட பொருளைத் தேடுகிறவருக்கு அது கிடைப்பது அரிது என்றும், எதையாவது கண்டால் போதும் என்று தேடுகிறவருக்கு ஏதேனும் நிச்சயம் கிடைக்கும் என்றும் அவர் சொல்லும் இடம் திரைக்கதையின் உச்சங்களில் ஒன்று. எழுதும் பொறுப்பு கைமாறியதால் உதவியாளருக்கு வியக்கவேண்டிய கடமை இல்லாமல் போகிறது. அவர் முதன்முறையாகத் தம் சொந்தக் களைப்போடு திரையில் நிற்கிறார்.

இதன் மதிப்பை உணர, உதவியாளர்களைத் திரைப்படங்கள் எப்படி நடத்தியிருக்கின்றன என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும். 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த 14 படங்களில், நைஜல் புரூஸ் நடித்த வாட்சன் பெரும்பாலும் தடுமாறிப் பேசும், எதையும் தாமதமாகப் புரிந்துகொள்ளும் நகைச்சுவைப் பாத்திரமாகச் சுருக்கப்பட்டார். அன்பான பாத்திரம்தான், ஆனால் மேதையின் ஒளி கூடித் தெரிவதற்காக அருகில் இருப்பவரின் ஒளியைக் குறைக்கும் ஏற்பாடு அது. எழுத்தாளர் சுஜாதாவின் கதைகளால் நமக்குப் பழக்கமான கணேஷ்–வசந்த் இணையில் நிதானம் மூத்தவரிடமும் குறும்பு இளையவரிடமும் இருக்கும், அதனால் இருவருக்கும் இடம் கிடைத்துவிடும். இங்கே கிறுக்கு முழுவதும் முதலாளியிடம், பொறுப்பு முழுவதும் உதவியாளரிடம். பென் ஸ்டில்லர் ஏற்ற ஆர்லோ முட்டாளும் அல்லர், பக்தரும் அல்லர். கட்டணம் பேசுவது, விமானச் சீட்டு எடுப்பது, கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்துவது, நேரம் கெட்ட நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்புக்கு எழுந்து ஓடுவது என்று ஜீரோவுக்கும் உலகத்துக்கும் நடுவில் இருக்கும் எல்லாமும் அவர்தான். போர்ட்லாண்டுக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்கும் இடையே அவர் அலைக்கழிக்கப்படுவது முதலில் சிரிப்பை வரவழைக்கிறது. திருமணம் செய்துகொள்ள விரும்பும் தம் காதலி ஜெஸ்ஸிடம் அவர் மீண்டும் மீண்டும் மன்னிப்புக் கேட்கும்போது அந்தச் சிரிப்பு மெல்ல வற்றிவிடுகிறது.

ஸ்டில்லரைக் கூச்சலும் கோமாளித்தனமும் நிறைந்த வேடங்களில் மட்டும் பார்த்தவர்கள் இந்த நடிப்பைத் தேடிப் பார்க்கவேண்டும். கோபத்தை அடக்கிக்கொண்டு மரியாதையாகப் பேசும் ஊழியரின் தாடை இறுக்கத்தை அவர் படம் முழுவதும் சுமக்கிறார். வேலையை விட்டுவிடுகிறேன் என்று அவர் சொல்லும்போது, ஜீரோவின் முகத்தில் தெரிவது கோபம் அன்று. கைவிடப்படப் போகும் குழந்தையின் பீதி. உலகத்தில் எவரையும் ஒரு பார்வையில் படித்துவிடும் மனிதருக்கு, தம் அருகில் ஆண்டுக்கணக்காக நின்றவரின் மனம் மட்டும் தெரியாமல் போனது எப்படி என்ற கேள்வியை எழுப்பி, அதற்கு நீதிபோதனை ஏதும் சொல்லாமல் படம் நகர்ந்துவிடுவது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. உணர்ச்சி துல்லியத்துக்கு எதிரி என்பது ஜீரோவின் கொள்கை. குளோரியாவை நெருங்க நெருங்க அந்தக் கொள்கை விரிசல் காண்பதையும், ஆர்லோ அதைத் தம் முதலாளிக்கு முன்பே கவனித்துவிடுவதையும் காஸ்டன் மிக நுட்பமாகக் கோத்திருக்கிறார்.

குறைகளும் உண்டு. ஜெஸ்ஸுக்குக் காத்திருப்பதையும் கண்டிப்பதையும் தவிர வேறு வேலை தரப்படவில்லை. ஆர்லோவின் துயரத்தை அளக்கும் கருவியாக மட்டும் அவர் பயன்படுவது, உதவியாளருக்கு இத்தனை நியாயம் செய்த திரைக்கதைக்குப் பொருந்தாத கஞ்சத்தனம். இரண்டாம் பாதியில் குளோரியாவின் கடந்தகாலம் விரியும்போது ஆர்லோ சற்று நேரம் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறார், அந்த இடத்தில் படத்தின் துடிப்பும் தளர்கிறது. 116 நிமிடங்களில் பத்து நிமிடத்தைக் குறைத்திருந்தாலும் இழப்பில்லை. மர்மத்தின் முடிச்சைத் தேர்ந்த வாசகர்கள் இயக்குநர் எதிர்பார்ப்பதைவிடச் சற்று முன்னதாகவே அவிழ்த்துவிடுவார்கள். ஆனால் முடிச்சு அவிழ்ந்த பிறகு ஜீரோ என்ன செய்வார் என்பதுதான் இங்கே பதைப்பைத் தருவதால், அதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

இது காஸ்டனின் முதல் படம். வெளியானபோது அவருக்கு வயது 23. ஒளிப்பதிவாளர் பில் போப், அடுத்த ஆண்டே ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தில் உலகம் வியக்கும் வித்தைகளைக் காட்டவிருந்தவர், இங்கே எந்த வித்தையும் காட்டாமல் போர்ட்லாண்டின் சாம்பல் நிற வெளிச்சத்தை முகங்களின்மீது படரவிட்டிருக்கிறார். திரையரங்குகளில் படம் எடுபடவில்லை. 2002-ஆம் ஆண்டு ஆலன் கமிங்கை ஜீரோவாக வைத்துத் தொலைக்காட்சித் தொடருக்கான முன்னோட்டப் பகுதி ஒன்றை எடுத்தார்கள், அதுவும் தொடராக வளரவில்லை. புல்மனும் ஸ்டில்லரும் இந்த வேடங்களில் மீண்டும் சேரவே இல்லை என்பது உண்மையான இழப்பு.

வசைச்சொற்களும் போதைப்பொருள் பயன்பாடும் பாலியல் கொடுமை பற்றிய குறிப்பும் இருப்பதால் சிறுவர்களோடு பார்க்க ஏற்றதன்று. துரத்தலும் துப்பாக்கியும் எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். துப்பறியும் கதைகளில் மேதைக்குப் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவரை எப்போதேனும் உற்றுக் கவனித்தவர்கள் தயங்காமல் பார்க்கலாம். முதன்முறை ஜீரோவுக்காகப் பாருங்கள். இரண்டாம் முறை, அவர் பேசும்போதெல்லாம் ஆர்லோவின் முகத்தை மட்டும் கவனியுங்கள், ஸ்டில்லரின் உழைப்பு எவ்வளவு என்பது அப்போதுதான் முழுதாகத் தெரியும்.