ஓடும்போதே நின்றுவிடும் அவுட்போர்டு எஞ்சின்: முட்டம் கடலில் பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் ஃபைபர் வள்ளம் வைத்துத் தொழில் செய்யும் எங்கள் குடும்பத்தில், 9.9 குதிரைத்திறன் கொண்ட இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சினை (வள்ளத்தின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் வகை அது. இழுவையிலும், உப்புக்காற்றைத் தாங்குவதிலும், ஒரே ஆள் தூக்கி மாட்டிவிடக்கூடிய எடையிலும் அந்த எஞ்சின் எனக்கு முழு மனநிறைவைத் தந்திருக்கிறது. அதில் எங்களை உண்மையாகவே சோதித்த குறை, ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுவதுதான். கலங்கரை விளக்கத்தின் கீழுள்ள பாறைகளுக்கு அருகில், கரையை நோக்கி அலை தள்ளும் நேரத்தில் எஞ்சின் நின்றால், வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடச் சில நொடிகள் போதும். எனவே இதை ஆட்களின் உயிர் சம்பந்தப்பட்ட கோளாறாகவே கருதி எழுதுகிறேன்.

எஞ்சின் நின்றவுடன் நம் கை தானாக, ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிற்றுக்குத்தான் போகும். அதற்கு முன் அது எப்படி நின்றது என்பதை நினைவில் பதித்துக்கொள்ள வேண்டும். வேகம் ஏறி இறங்கி, இருமி இருமி அடங்கினால் பெரும்பாலும் எரிபொருள் போதவில்லை என்று பொருள். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் மின்பொறியைச் சந்தேகிக்கலாம். மின்பொறி தரும் ஒரு பிளக்கோ ஒரு சிலிண்டரோ மட்டும் பழுதானால், எஞ்சின் வலுவிழந்தாவது ஓடிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே நொடியில் அடங்குகின்றன என்றால், கோளாறு இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறது. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, தேவையில்லாமல் வாங்கும் உதிரிப்பாகங்களில் பாதி குறையும்.

அடுத்து கயிற்றின் கனத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கத்தைவிடக் கடினமாக இழுபட்டால், பிஸ்டன் சூட்டில் இறுகியிருக்கலாம். அப்போது வற்புறுத்தி இழுக்கவே கூடாது. குளிர்விக்கும் நீர் பீச்சும் சிறு துளையில் தண்ணீர் மெலிந்திருந்ததா என்று உடன் வந்தவரிடம் கேட்க வேண்டும். எங்கள் கரையில் நீர் உறிஞ்சும் வாயை நெகிழிப் பை அடைத்துக்கொள்வது மிகச் சாதாரணம். கரைமணலோடு ஓட்டுவதால், குளிர்விக்கும் நீரை ஏற்றும் சிறு சக்கரமான இம்பெல்லரின் ரப்பர் இதழ்களும் விரைவில் தேய்கின்றன.

எங்களை அதிக நாள் அலைக்கழித்தது எரிபொருள் குழாய்தான். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு இறுகியிருந்தால், எஞ்சின் சிறிது நேரம் ஓடிவிட்டு நின்றுவிடும். குழாயின் நடுவிலுள்ள ரப்பர்க் கைப்பம்பு ஒட்டி உள்வாங்கியிருக்கும். திருகைத் தளர்த்தினால் காற்று சீறிக்கொண்டு உள்ளே போகும். எங்கள் கைப்பம்பும் அப்படித்தான் ஒட்டியது, ஆனால் திருகு திறந்தே இருந்தது. கார்பரேட்டரைக் கழுவினோம், வடிகட்டியை மாற்றினோம், பயன் இல்லை. கடைசியில் டேங்குக்கும் கைப்பம்புக்கும் இடைப்பட்ட குழாயை நீளவாக்கில் கத்தியால் கீறிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வெளித்தோல் புதிதுபோல் இருக்க, உட்தோல் உரிந்து, எரிபொருள் வேகமாக ஓடும்போது மடிந்து வழியை அடைக்கும் ஒரு கதவாகவே மாறியிருந்தது. மெதுவாக ஓட்டினால் தொல்லை இல்லை, முழு வேகத்தில் மட்டுமே நின்றது என்பதற்கும் அதுவே விடை. 2025 வாக்கில் நம் பம்புகளில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலே பரவலாகிவிட்டது. பழைய ரப்பர்க் குழாய்களுக்கு எத்தனால் ஆகாது. அது நீரையும் ஈர்த்துக்கொள்ளும். அளவு மீறினால் நீரும் எத்தனாலும் பிரிந்து, உறிஞ்சுகுழாய் இருக்கும் டேங்கின் அடியிலேயே தங்கும். எத்தனால் தாங்கும் குழாயைக் கேட்டு வாங்குவதும், மிச்சப் பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் விடாதிருப்பதும் அவசியம்.

எஞ்சின் அடங்கத் தொடங்கும்போது கைப்பம்பை அழுத்திக்கொடுத்தால் மீண்டும் பிடிக்கிறதா என்று பாருங்கள். பிடித்தால், எஞ்சினிலுள்ள பம்பின் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது இணைப்பின் ரப்பர் வளையம் வழியாகக் காற்று புகலாம். கடலில் இருக்கும்போது ஒருவர் விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் கரைசேர்ந்துவிடலாம். நாங்கள் அப்படி வந்திருக்கிறோம். எரிபொருள் குழாயின் இடையே ஒளிபுகும் குழாய்த் துண்டு ஒன்றைச் சேர்த்தால், காற்றுக் குமிழ் வருவது அப்படியே தெரியும்.

மின்கோளாறு வேறு விதம். நன்றாகச் சூடேறிய பிறகு சட்டென நின்று, ஆறியதும் ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால், ஃபிளைவீல் என்னும் சுழல்சக்கரத்தின் கீழ் இருந்து, மின்பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலைச் சோதிக்க வேண்டும். பட்டறைக்குக் கொண்டுபோய் ஆறிய நிலையில் மீட்டர் வைத்தால் அளவு சரியாகவே காட்டும், மெக்கானிக்கும் நல்ல காயில் என்றே சொல்லுவார். எங்களுக்கு நடந்ததும் அதுவே. நின்ற உடனேயே, சூட்டோடு வைத்துப் பார்த்தபோது மீட்டரில் தொடர்பே காட்டவில்லை. காயிலைச் சோதிப்பதற்கு முன், செலவில்லாத ஒரு சோதனையாக, அவசர நிறுத்த சுவிட்சின் கம்பியைக் கரையில் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். உப்பேறிய சுவிட்ச் தானாகவே தொட்டுக்கொண்டு எஞ்சினை அணைப்பது உண்டு. கழற்றிய நிலையில் காற்று வழியை அடைக்கும் சோக்கை இழுத்தோ எரிபொருளை நிறுத்தியோதான் எஞ்சினை அணைக்க முடியும். சோதித்த பின் அந்தக் கம்பியை மறவாமல் மாட்டிவிட வேண்டும், ஏனெனில் ஆள் தவறி விழுந்தால் காப்பது அதுதான். நின்றவுடன் கழற்றிய பிளக் நனைந்திருந்தால் மின்பொறியையும், உலர்ந்திருந்தால் எரிபொருளையும் முதலில் பாருங்கள். பொறி சோதிக்கும்போது பிளக்கை எஞ்சின் உடலோடு அழுத்தி வைக்காவிட்டால் பிளக்குக்கு மின்பொறியை அனுப்பும் மின்னணுப் பெட்டியான சி.டி.ஐ. யூனிட் கெட்டுவிடக்கூடும்.

மண்ணெண்ணெயில் ஓட்டுபவர்கள், அணைப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே பெட்ரோலுக்கு மாறிவிட வேண்டும். கார்பரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கினால் மறுநாள் பிடிக்காது. போதிய சூடு ஏறும் முன்பு மாற்றினாலும் எஞ்சின் நிற்கும், பிளக்கில் கரி படியும்.

இப்போது வள்ளத்தில் எப்போதும் ஒரு ஜோடி பிளக், பிளக் ஸ்பேனர், கைப்பம்போடு கூடிய மாற்றுக் குழாய், இணைப்பு வளையங்கள், ஒரு கையடக்க மீட்டர் ஆகியவற்றைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்திருக்கிறோம். குழாயை மாற்றிய பின் முழு வேகத்தில் ஒருமுறைகூட நிற்கவில்லை. காயிலை மாற்றிய பின் சூட்டிலும் நிற்கவில்லை.